ஐஸ்வால் ஏறியது, பதுளை எப்போது?

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஊவா மாகாணத்தில் இருந்தவர்கள் 12 இலட்சத்து 66 ஆயிரம் பேர். அதற்கு ஓராண்டு முன்னர் இந்தியாவில் எடுத்த கணக்கில் மிசோரம் மாநிலத்தின் சனத்தொகை 11 இலட்சத்தைத் தொடவில்லை. இரண்டும் மலை. இரண்டும் தலைநகரத்துக்குத் தொலைவு. இரண்டிலும் ஒரு பந்தை ஓங்கி உதைத்தால் அது பள்ளத்தில் போய் விழும்; எடுத்து வர ஒரு பொடியன் இறங்கி ஓட வேண்டும்.

அந்தச் சிறிய மிசோரத்தின் கழகம் ஒன்று 2015இல் இந்தியாவின் இரண்டாம் பிரிவை வென்று மேல் பிரிவுக்குத் தரமுயர்ந்தது. அடுத்த ஆண்டு கீழே விழுந்தது. அதற்கடுத்த ஆண்டு, 2017 ஏப்ரல் 30ஆம் திகதி, இந்தியாவின் சம்பியனாகியது. ஐஸ்வால் எஃப்.சி. என்பது அதன் பெயர். கொல்கத்தாவின் பழம்பெரும் கழகங்களும், கோடிகளைக் கொட்டிய நிறுவன அணிகளும் அதற்குப் பின்னால்தான் நின்றன.

ஊவாவில் இருந்து அப்படி ஒரு கழகம் ஏன் வரவில்லை? இந்தக் கேள்வியை மைதான ஓரத்தில் கேட்டால் மூன்று பதில்கள் உடனே கிடைக்கும். காசு இல்லை, கிரவுண்ட் இல்லை, கொழும்புக்காரர்கள் விட மாட்டார்கள். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஐஸ்வாலின் கதையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் நான்காவது பதில் ஒன்று தெரிகிறது. முதல் மூன்றையும் விட அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஊருக்குள் ஒரு லீக்

மிசோரத்தில் உதைபந்தாட்டம் புதிதல்ல. 2002இல் ஷைலோ மல்சாம்துலுவாங்கா கொல்கத்தா போய் ஈஸ்ட் பெங்கால் சட்டை அணிந்தபோதே மிசோ பொடியன்களுக்கு வழி தெரிந்துவிட்டது. அதன் பிறகு திறமையுள்ளவன் ஒவ்வொருவனும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே போனான். நம்முடைய தோட்டங்களில் படித்தவனும் உழைக்கக் கூடியவனும் கொழும்புக்குப் போகிற மாதிரிதான். போனவன் பெயர் எடுத்தான். ஊரில் இருந்த விளையாட்டு அப்படியே கிடந்தது.

2012இல் இது மாறியது. மிசோரம் உதைபந்தாட்டச் சங்கம் எட்டு அணிகளைக் கொண்டு மிசோரம் பிரீமியர் லீக் என்ற ஒன்றைத் தொடங்கியது. அதற்குப் பெரிய நிறுவனம் எதுவும் வந்து நிற்கவில்லை. உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியான ஸோநெட் ஒளிபரப்பு உரிமைக்குப் பணம் கொடுத்தது. வீட்டு வரவேற்பறையில் இருந்த பாட்டிக்குக்கூடப் பக்கத்துத் தெரு முன்கள வீரனின் பெயர் தெரிந்தது. ஐஸ்வால் நகரின் நடுவே, அஸாம் ரைபிள்ஸ் படையினரின் மைதானமான லம்முவாலில் ஆட்டங்கள் நடந்தன. சுற்றிலும் மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள். சீட்டு வாங்காதவர்கள் மொட்டை மாடியில் நின்று பார்த்தார்கள்.

அந்தக் கழகங்களின் பெயர்களைப் பார்த்தாலே விடயம் புரியும். சன்மாரி, டின்தர், ராம்லுன் நோர்த், பெத்லஹேம் வெங்த்லாங். எல்லாம் குடியிருப்புப் பகுதிகளின் பெயர்கள். ஒவ்வொரு பகுதியிலும் 1935இல் தோன்றிய யங் மிசோ அசோசியேஷனின் கிளை இருக்கிறது. சாவு வீடு என்றாலும் மண்சரிவு என்றாலும் முதலில் ஓடி வருகிறவர்கள் அவர்கள்தான். அணிக்கு ஆள் சேர்ப்பதும் அதே மண்ணில்தான் நடந்தது. நம் தோட்டங்களில் மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் இடையில் இருக்கிற அதே வைராக்கியம் அங்கேயும் உண்டு. ஒரு வித்தியாசம்: அங்கே அந்த வைராக்கியம் வாராவாரம் அட்டவணைப்படி நடந்தது. புள்ளிப் பட்டியல் இருந்தது. தோற்றவன் அடுத்த வாரம் திரும்பி வந்து ஆடினான்.

பலன் கிடைக்க இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 2014 மார்ச் மாதம் சிலிகுரியில் நடந்த சந்தோஷ் கிண்ண இறுதியாட்டத்தில் மிசோரம் ரயில்வே அணியை 3-0 என்று தோற்கடித்தது. இந்திய மாநிலங்களுக்கிடையிலான அந்தக் கிண்ணம் மிசோரத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை.

2015: ஏறிய ஆண்டு

ஐஸ்வால் எஃப்.சி. 1984இல் தொடங்கிய கழகம். நீண்ட காலம் ஊர் அளவிலேயே இருந்தது. ரொபர்ட் ரொமாவியா ரோய்டே என்ற உள்ளூர்த் தொழிலதிபர் பொறுப்பேற்ற பிறகு தேசிய இரண்டாம் பிரிவுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ரோய்டே பின்னர் மாநிலத்தின் விளையாட்டு அமைச்சராகவும் இருந்தார். அரசியல்வாதி கிண்ணம் கொடுத்துக் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு போகிற காட்சி நமக்குப் பழக்கம். அவர் ஒரு நாள் விழாவோடு நிற்காமல் ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்தார். அந்த வகையில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

2015 இரண்டாம் பிரிவில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: அதில் ஐஸ்வால் நகரிலிருந்து ஒன்றல்ல, இரண்டு கழகங்கள் ஆடின. ஐஸ்வால் எஃப்.சி.யோடு சன்மாரியும் இருந்தது. கொல்கத்தாவின் பழம்பெரும் மொஹமடன் ஸ்போர்ட்டிங் அதே பிரிவில் இருந்தது. காஷ்மீரிலிருந்து லோன்ஸ்டார் வந்திருந்தது. இந்தக் கூட்டத்தில் முதலிடம் பெற்று ஐஸ்வால் மேலே போனது. மிசோரத்திலிருந்து இந்தியாவின் அன்றைய மேல் பிரிவான ஐ-லீக்குக்குப் போன முதல் கழகம் அது. அந்த அணியில் இருந்த பொடியன்களில் பெரும்பாலானோர் பிரீமியர் லீக்கில் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடிப் பழகியவர்கள். கடுமையான ஆட்டம் அவர்களுக்கு வெளியூரில் போய்ச் சந்திக்க வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை.

மேலே போனதும் அடி விழுந்தது. 2015-16 பருவத்தில் ஒன்பது அணிகளில் ஐஸ்வாலுக்கு எட்டாவது இடம். கடைசி இடத்தில் நின்றது புனேயின் டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ். ஆனால் அது பணம் கட்டி நேரடியாகச் சேர்ந்த நிறுவன அணி. சில ஆண்டுகளுக்குத் தரமிறக்கம் கிடையாது என்று விதி இருந்தது. ஆகவே கடைசியில் நின்றவன் தப்பினான், அவனுக்கு மேலே நின்றவன் இறங்கினான். ஏறி வந்தவனுக்கு ஒரு சட்டம், வாங்கி வந்தவனுக்கு இன்னொரு சட்டம். இதைப் படிக்கிற மலையகத்தானுக்கு விளக்கம் தேவைப்படாது.

அதே பருவத்தின் கடைசியில் ஃபெடரேஷன் கிண்ணத்தில் ஐஸ்வால் அந்த ஆண்டின் ஐ-லீக் சம்பியன் பெங்களூரு எஃப்.சி.யை வெளியேற்றி இறுதியாட்டம் வரை போனது. இறுதியில் மோகன் பகானிடம் 5-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. தரமிறங்கிய அணி நாட்டின் சம்பியனை வீழ்த்துகிறது, பிறகு ஐந்து கோல் வாங்குகிறது. அது வளர்ந்துகொண்டிருந்த ஓர் அணி. எந்த நாள் எப்படி ஆடும் என்று அதற்கே தெரியாத பருவம்.

பிறகு நடந்ததில் அதிர்ஷ்டமும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. இந்தியச் சம்மேளனத்தின் திட்டங்களோடு முரண்பட்டு கோவாக் கழகங்கள் விலகின. இடம் காலியானது. சென்னை சிட்டியும் மினர்வா பஞ்சாப்பும் புதிதாகச் சேர்க்கப்பட்டபோது ஐஸ்வாலும் திரும்ப அழைக்கப்பட்டது.

ஷில்லொங்கில் ஒரு பிற்பகல்

மும்பை எஃப்.சி.யில் பல ஆண்டுகள் பயிற்றுவித்துவிட்டு அங்கிருந்து வெளியேறியிருந்தார் காலித் ஜமீல். ஐஸ்வால் அவரை அழைத்தது. மும்பையில் அவரோடு இருந்த ஜெயேஷ் ரானே, அசுதோஷ் மேத்தா போன்றவர்களும் வந்தார்கள். சிரியாவைச் சேர்ந்த மஹ்மூத் அல் அம்னா நடுக்களத்தில் நின்றார். லைபீரியாவின் அல்ஃபிரட் ஜார்யன் அவருக்குப் பக்கத்தில். மிச்சம் உள்ளூர்ப் பொடியன்கள். முழு அணியின் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 2 கோடி இந்திய ரூபாய் என்று அப்போது பேசப்பட்டது. பெரிய கழகங்களின் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை.

ஏப்ரல் 22, 2017. முவால்புய் ராஜீவ் காந்தி மைதானத்தில் மோகன் பகானோடு ஆட்டம். 83ஆவது நிமிடத்தில் ஸோமிங்லியானா ரால்டே தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனது. 1-0. எட்டு நாள் கழித்து ஷில்லொங்கில் லஜோங்குடன் கடைசி ஆட்டம். ஐஸ்வாலுக்குச் சமநிலை போதும். ஒன்பதாவது நிமிடத்திலேயே திபாந்தா டிக்கா கோல் அடித்து லஜோங்கை முன்னே கொண்டுபோனார். அதே நேரம் கொல்கத்தாவில் மோகன் பகான் சென்னை சிட்டியை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தது. 67ஆவது நிமிடத்தில் வில்லியம் லால்னுன்ஃபேலா சமப்படுத்தினார். 18 ஆட்டங்கள், 11 வெற்றி, 4 சமநிலை, 3 தோல்வி, 37 புள்ளிகள். மோகன் பகான் தன் ஆட்டத்தை வென்றும் 36இல் நின்றது.

அன்று எல்லாப் பத்திரிகைகளும் ஐஸ்வாலை இந்தியாவின் லெஸ்டர் சிட்டி என்று எழுதின. முந்திய ஆண்டு இங்கிலாந்தில் லெஸ்டர் வென்றிருந்ததால் அந்த ஒப்பீடு கைக்கு எட்டியது. எனக்கு அது பிடிக்கவில்லை. அதிசயம் என்று சொல்லிவிட்டால் எப்படி நடந்தது என்று கேட்க வேண்டியதில்லை. 2012இல் கேபிள் டீவிக்காரரோடு போட்ட ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் எழுத வேண்டியதில்லை.

ஒரு நாள் கிண்ணங்களின் தேசம்

இப்போது பதுளைக்கு வருவோம்.

ஹாலிஎல, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை, கொஸ்லாந்தை. இந்தப் பக்கத்தில் உதைபந்தாட்டம் ஆடாத தோட்டம் எது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பதுளை மாவட்டத்தில் 2012 கணக்கின்படி இந்திய வம்சாவளித் தமிழர் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம். துரைமார் தங்கள் கிளப்புகளில் றக்பியும் டென்னிஸும் ஆடினார்கள். லயத்துப் பொடியன்களுக்கு உதைபந்து போதுமானதாக இருந்தது. ஒரு பந்தும் நான்கு கல்லும் இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும். சப்பாத்து இருப்பவனும் இல்லாதவனும் ஒரே அணியில் ஆடுவார்கள். இன்று மென்பந்து கிரிக்கெட் அந்த இடத்தில் பாதியைப் பிடித்துவிட்டது என்றாலும் உதைபந்து போய்விடவில்லை.

எப்போது ஆடுகிறோம் என்று பாருங்கள். தீபாவளி, தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, மே தினம், கோயில் திருவிழா. யாரோ ஒரு தலைவரின் ஞாபகார்த்தக் கிண்ணம். விடிய ஏழு மணிக்கு ஒலிபெருக்கி பாடத் தொடங்கும். பொழுது சாய்வதற்குள் இறுதியாட்டம் முடிய வேண்டும். ஆகவே ஒரு பக்கத்துக்கு ஏழு பேர், பாதிக்குப் பத்து நிமிடம், சமநிலை என்றால் நேரே பெனல்டி. எல்லாம் நொக் அவுட். ஒரு தோட்டத்து அணி இரண்டு லொறி ஆட்களோடு காலையில் வந்து, முதல் ஆட்டத்தில் பெனல்டியில் தோற்று, எட்டரை மணிக்கு ஊர் திரும்புகிறது. அந்த அணிக்கு அடுத்த ஆட்டம் மூன்று மாதம் கழித்து, இன்னொரு திருவிழாவில்.

நான் சொல்ல வந்த நான்காவது பதில் இதுதான். நம்மிடம் கிண்ணங்கள் நிறைய இருக்கின்றன, லீக் இல்லை. பெயரளவில் லீக் பதிவும் கூட்டமும் தெரிவும் உண்டு. ஆனால் ஒரு தோட்டத்துப் பொடியன் ஆண்டுக்கு இருபது முழு ஆட்டம், பதினொரு பேரோடு, 90 நிமிடம் ஆடக்கூடிய அட்டவணை எதுவும் அவன் வீட்டுக்கு எட்டும் தூரத்தில் இல்லை. தரமுயர்வு என்பது லீக்குக்குள்தான் பிறக்கிறது. நொக் அவுட்டில் தரமுயர்வு கிடையாது. கிண்ணம்தான் உண்டு, அதுவும் வாசிகசாலை அலுமாரிக்குள் போய்விடும்.

ஏன் இப்படி ஆனது என்பதற்குக் காரணம் தோட்டத்துப் பொழுதிலேயே இருக்கிறது. பெரட்டு விடியற்காலையில். கொழுந்து எடுத்து நிறுத்து, முழுநாள் சம்பளத்துக்குப் பேர் விழுகிறதா அரைப்பேர்தானா என்று தெரிய மாலையாகிவிடும். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. ஒரு சோடி நல்ல பூட்ஸுக்குப் பல நாள் பேர் போட வேண்டும். ஆகவே பதினெட்டு வயதைத் தாண்டியவன் தோட்டத்தில் நிற்பதில்லை. கொழும்பில் கடை, ஹோட்டல், கட்டடவேலை. அணி உண்மையில் கொழும்பில்தான் இருக்கிறது. அது ஒன்று சேருவது பண்டிகைக்கு ஊர் வரும் பஸ்ஸில். போட்டி அமைப்பாளர்கள் பண்டிகையில் கிண்ணம் வைப்பது சோம்பலினால் அல்ல. அப்போதுதான் ஆட்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது நிலம். 1970களின் நடுவில் அரசுடைமையாகி, 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போன மண் இது. குத்தகை கம்பனியிடம். மைதானத்தில் ஒரு கோல் போஸ்ட் நட வேண்டுமென்றால் முகாமையாளரிடம் கேட்க வேண்டும். நல்ல முகாமையாளர் இருந்தால் தோட்டத்து டோசர் வந்து நிலத்தைத் தட்டிக்கொடுக்கும். அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் அங்கே தேயிலைக் கன்று நடலாம். சரிவான மலையில் சமநிலம் என்பது வேறு பலருக்கும் தேவைப்படுகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற கோரிக்கை வலுத்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் பதுளை மாவட்டத்தை மறுபடியும் கிழித்துப் போட்டது. பாதுகாப்பான சமநிலம் கிடைத்தால் அதில் வீடா, மைதானமா? வீடுதான். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. அதனால்தான் தோட்டத்துக்கு ஒரு மைதானம் என்று கேட்பதை விட, பத்துத் தோட்டத்துக்கு ஒரு முழு அளவு மைதானம் என்று கேட்பதே நடக்கக் கூடியது. ஐஸ்வாலும் ஒவ்வொரு குடியிருப்புக்கும் மைதானம் கட்டவில்லை; நகர் நடுவே இருந்த ஒன்றிலேயே எட்டு அணிகளை ஆட வைத்தது. பதுளை நகரில் வின்சன்ட் டயஸ் மைதானம் இருக்கிறது.

மேலே என்ன இருக்கிறது

இலங்கையின் ஏணியையும் பார்க்க வேண்டும். 2021 ஏப்ரலில் சுப்பர் லீக் தொடங்கியபோது அதில் பத்துக் கழகங்கள். கொழும்பு எஃப்.சி., ரினோன், கொட்டாஞ்சேனையின் ரட்னம், ரெட் ஸ்டார்ஸ், களுத்துறையின் புளூ ஸ்டார், வென்னப்புவையின் நியூ யங்ஸ், முப்படைகளின் மூன்று அணிகள், நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ். மலைநாட்டுக்கு அந்த ஒன்றுதான். கம்பளையின் கிறிஸ்டல் பெலஸும் தேசிய லீக்கில் ஆடிப் பெயர் வாங்கியிருக்கிறது. இரண்டும் கண்டி மாவட்டம். ஊவாவிலிருந்து ஒருவரும் இல்லை.

நாவலப்பிட்டியால் முடிந்தது என்பது பதுளைக்கு நல்ல செய்திதான். அதே மழை, அதே தேயிலை, அதே புகையிரதப் பாதை. ஆனால் அந்தப் பாதையில் நாவலப்பிட்டி கொழும்புக்குப் பாதி வழியில் இருக்கிறது. பதுளை கடைசித் தரிப்பு. 1924இல் வந்து சேர்ந்த ரயில் கோட்டையிலிருந்து சுமார் 290 கிலோமீட்டர் ஏறி வருகிறது, கிட்டத்தட்ட ஒரு பகல் முழுவதும். வென்னப்புவையில் சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஊவா அணி வெள்ளிக்கிழமையே புறப்பட்டு, இரவு தங்கி, ஞாயிறு விடிய வந்து இறங்க வேண்டும். ஒரு வெளியூர் ஆட்டத்துக்கு மூன்று நாட்சம்பளம் போய்விடும். பஸ் வாடகை, சாப்பாடு, தங்குமிடம் வேறு. தரமுயர்ந்த கழகம் முதல் பருவத்திலேயே முடங்கிப் போவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். கோல் அடிக்கத் தெரியாததால் அல்ல.

இது நம் மண்ணுக்கு மட்டுமான சிக்கலும் அல்ல. ஸ்பெயினின் பாஸ்க் மலைப்பகுதியில் எய்பார் என்று ஓர் ஊர். துப்பாக்கியும் சைக்கிளும் செய்த தொழிலாளர் ஊர். சனத்தொகை சுமார் 27,000. அதன் கழகம் 2013இல் மூன்றாம் பிரிவிலிருந்து ஏறி, 2014இல் இரண்டாம் பிரிவையும் வென்றது. கடன் ஒரு சதமும் இல்லை. ஆனாலும் பங்கு மூலதனம் போதாது, 17 இலட்சம் யூரோவுக்கு மேல் சேர்க்காவிட்டால் மேலே வர முடியாது, கீழேதான் போக வேண்டும் என்று விதியைக் காட்டினார்கள். எய்பார் தன் பங்குகளைச் சிறு சிறு தொகைக்கு விற்றது. பல நாடுகளில் இருந்து, அந்த ஊரை வரைபடத்தில்கூடப் பார்த்திராதவர்கள் வாங்கினார்கள். பணம் சேர்ந்தது. ஏழு பருவம் அந்தக் கழகம் ரியல் மட்ரிட்டோடும் பார்சிலோனாவோடும் ஆடியது. கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் கனடாவிலும் ஊவாத் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யோசித்தால் இந்தக் கதை அவ்வளவு தூரமாகத் தெரியாது.

மேலே இருக்கிற கதவு எப்போதும் திறந்திருக்கும் என்றும் நம்ப வேண்டாம். 2023 ஜனவரி 21ஆம் திகதி ஃபிஃபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் 29 வரை தடை நீடித்தது. நிர்வாகத்தில் நடந்த இழுபறிக்கு வீரர்கள் விலை கொடுத்தார்கள்.

ஐஸ்வாலுக்கும் கதவு அடைபட்டது. சம்பியனான சில வாரங்களிலேயே இந்தியாவின் பெரும்பணமும் தொலைக்காட்சியும் இந்தியன் சுப்பர் லீக்குக்குப் போயின. அப்போது அதில் இடம் வாங்க வேண்டியிருந்தது. வென்று ஏற வழி இருக்கவில்லை. ஐஸ்வால் போராட்டம் நடத்துவோம் என்று எச்சரித்துப் பார்த்தது. பலன் இல்லை. ஜமீல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார், அல் அம்னாவும் போனார், லால்ருவாத்தாரா கேரளா போனார். 2018 ஜனவரியில் ஆசிய சம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஈரானின் ஸோப் அஹனிடம் 3-1 என்று தோற்றது, கலைந்துபோன அணியை வைத்துக்கொண்டு. ஐ-லீக்கை வென்றால் மேலே போகலாம் என்ற விதி வந்தது 2023இல்தான். முதலில் போனது பஞ்சாப். ஐஸ்வால் அந்தப் படியை இன்னும் தாண்டவில்லை. காலித் ஜமீல் 2025 ஓகஸ்டில் இந்திய அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளரானார்.

ஆனாலும் மிசோரத்துப் பொடியன்கள் நின்றுவிடவில்லை. இன்று இந்திய லீக்குகளில் எந்த அணியைப் புரட்டினாலும் மிசோப் பெயர் ஒன்றாவது கிடைக்கும். சென்னையின் எஃப்.சி. 2015இலும் 2018இலும் இந்தியன் சுப்பர் லீக்கை வென்றபோது முன்களத்தில் நின்ற ஜெஜே லால்பெக்லுவா மிசோரத்துக்காரர்; தமிழ்நாட்டு ரசிகர்கள் அவருக்குப் பாட்டே கட்டினார்கள். 2023இல் அவர் மிசோரம் சட்டசபைக்கும் தெரிவானார். ஒரு கழகம் ஏறியதும் இறங்கியதும் ஒரு பக்கம் இருக்க, உள்ளூர் லீக் வீரர்களை உருவாக்கிக்கொண்டே இருந்தது.

எட்டு அணிகள், ஒரு பருவம்

ஆகவே ஊவாவிலிருந்து ஒரு கழகம் எப்போது தரமுயரும் என்று கேட்பதை ஒத்திவைப்போம். அதற்கு முந்திய காரியம் சிறியது, செலவும் குறைவு. மிசோரம் எட்டு அணிகளோடுதான் தொடங்கியது. பதுளை, ஹாலிஎல, பசறை, லுணுகலை, பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடை, மொனராகலை என்று எட்டு எழுதிவிடலாம். ஒவ்வொன்றும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் ஆள் எடுக்கட்டும். தமிழ், சிங்கள, முஸ்லிம் பொடியன்கள் பாடசாலை விட்ட பின் சேர்ந்து ஆடுவதற்கு இங்கே வேறு இடம் அதிகம் இல்லை. அணிக்கு அணி இரண்டு தடவை மோதினால் ஓர் அணிக்குப் பதினான்கு ஆட்டம். வீட்டில் ஏழு, வெளியில் ஏழு. தூரமானது மொனராகலைப் பயணம். அதுகூடப் போய் அன்றே திரும்பக்கூடியதுதான். கேபிள் டீவிக்குப் பதில் இன்று கைபேசி இருக்கிறது. ஒரு நல்ல கைபேசியும் ஒரு தாங்கியும் ஊர்க்கதை தெரிந்த ஒரு வர்ணனையாளரும் இருந்தால், கொழும்பில் கடை பூட்டிவிட்டு வரும் அண்ணனும் கட்டாரில் இருக்கிற மச்சானும் பார்ப்பார்கள். பண்டிகைக் கிண்ணங்களுக்குப் போகிற அனுசரணைப் பணத்தில் ஒரு பங்கு இந்தப் பக்கம் திரும்பினால், நடுவர் கட்டணமும் பஸ் வாடகையும் அடங்கிவிடும்.

கொழும்புக்குப் போன பொடியனைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆனால் ஓ.எல்., ஏ.எல். வகுப்பில் இருக்கிற, இன்னும் போகாத பொடியன் இருக்கிறான். லீக் அவனுக்காகத்தான். பதினாறு வயதில் தொடங்கினால் பத்தொன்பதில் அவன் நாற்பது முழு ஆட்டம் ஆடியிருப்பான். நாவலப்பிட்டிக்கோ கொழும்புக்கோ அவன் போனாலும், போகும்போது வெறுங்கையோடு போக மாட்டான்.

எந்த மாதம் என்று கேட்டால் அதற்கும் இந்த மலையே பதில் வைத்திருக்கிறது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை இங்கே மழை. மைதானம் சேறு, பாதையில் மண்சரிவு. ஜூன் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை காய்ந்த காற்று. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த பருவம் அது. தளிர் மெதுவாக வளரும், மணம் ஏறும், கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் ஞாயிற்றுக்கிழமை கைக்காசு வேலைக்குக் கூப்பிடுவதும் குறையும். அந்தப் பதினான்கு ஞாயிறுகளும் காலியாக இருக்கின்றன.